டிரான்ஸ்ஃபார்மர் ஆலையா, எம்.சி.பி. லைனா, கோவை மோட்டார் கம்பெனியா: எதை வைத்து ஒப்பிடுவது?

மின்காந்தம்_97 (இழையைத் தொடங்கியவர்)

இ.இ.இ. (மின் பொறியியல்) முடித்து இரண்டு வருட அனுபவம். கையில் மூன்று ஆஃபர். கம்பெனிப் பெயர்களைப் போடவில்லை. போட்டால் பேச்சு பெயரைச் சுற்றியே ஓடிவிடும்.

முதலாவது, 220 கே.வி. வரை பவர் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் ஆலை. சி.டி.சி. (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) 4.2 லட்சம். பிரிவு "குவாலிட்டி" என்று மட்டும் இருக்கிறது. இரண்டு வருட பாண்ட் (அதற்குள் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்), உடைத்தால் 1 லட்சம்.

இரண்டாவது, பன்னாட்டு சுவிட்ச்கியர் கம்பெனியின் எம்.சி.பி. (வீட்டு மின்பலகையில் இருக்கும் சிறு சர்க்யூட் பிரேக்கர்) அசெம்பிளி லைன். 4.8 லட்சம். ஆனால் ஆஃபர் கடிதம் ஒரு மேன்பவர் ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டில் வந்திருக்கிறது, 11 மாதத்துக்கு.

மூன்றாவது, கோயம்புத்தூரில் சப்மெர்சிபிள் மோட்டாரும் பம்பும் செய்யும் நடுத்தரக் கம்பெனி. மாதம் கையில் 24,000. பாண்ட் கிடையாது.

ஐந்து வருடம் கழித்து எது நல்ல இடத்தில் நிறுத்தும்? சம்பளம் தவிர வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

---

ஆயில்_டேங்க்

மூன்றும் மின்சாதன உற்பத்தி என்ற ஒரே தலைப்பில் வந்தாலும் மூன்றும் மூன்று தொழில். கம்பெனியை ஒப்பிடுவதற்கு முன்னால் எந்த பே-யில் (ஆலைக்குள் ஒரு வேலை நடக்கும் பகுதி) நிற்கப் போகிறீர்கள் என்பதை ஒப்பிடுங்கள். முதல் ஆஃபரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் என்பது ஆர்டருக்கு ஏற்ப செய்வது. ஒவ்வொரு ஆர்டருக்கும் டிசைன் தனி, இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) தனி, லாஸ் உத்தரவாதம் தனி. சி.ஆர்.ஜி.ஓ. (கோருக்கான சிலிக்கான் எஃகு) தகட்டை வெட்டுவது, கோர் அடுக்குவது, வைண்டிங், கோர்-காயில் அசெம்பிளி, உலர்த்துவது, டேங்கில் இறக்குவது, வெற்றிடத்தில் எண்ணெய் நிரப்புவது, எண்ணெயை நிலைக்க விடுவது, பிறகு டெஸ்ட். ஒரு யூனிட் இந்த வரிசையைக் கடக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் ஒரு தப்பின் விலையும் அதே அளவுக்குப் பெரிது.

எது எங்கே கெடும் என்பதற்கு ஒரு உதாரணம். கேரோசின் ஆவியில் உலர்த்தும் ஆட்டோகிளேவிலிருந்து ஆக்டிவ் பார்ட் (கோரும் காயிலும் சேர்ந்த உள்பகுதி) வெளியே வருகிறது. காப்புத் தாளிலும் பிரஸ்போர்டிலும் இருந்த ஈரம் அரை சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். ஈரம் போனதால் பிரஸ்போர்டு சுருங்கியிருக்கும், காயில் உயரம் சில மில்லிமீட்டர் குறைந்திருக்கும். உடனே ஹைட்ராலிக் ஜாக் வைத்து, டிசைனில் சொன்ன அழுத்தத்துக்கு காயிலை மறுபடி இறுக்கி, லீடுகளைச் சரிபார்த்து, டேங்கில் இறக்கி மூட வேண்டும். இதற்கெல்லாம் மணிக்கணக்கில்தான் அவகாசம். சென்னையின் ஐப்பசி ஈரக்காற்றில் உலர்ந்த தாள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நேரம் தாண்டினால் திரும்ப ஆட்டோகிளேவுக்கே போக வேண்டியதுதான். இறுக்குவதில் குறை வைத்தால் அன்றைக்கு எதுவும் தெரியாது. சில வருடம் கழித்து லைனில் ஷார்ட் சர்க்யூட் வரும்போது வைண்டிங் நகர்ந்துவிடும்.

இதிலிருந்து வேலை நேரம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோகிளேவ் இரவு இரண்டு மணிக்குத் திறந்தால் ஆட்களும் இரண்டு மணிக்குத்தான். மார்ச் மாதத்தில் டிஸ்பாட்ச் நெருக்கடி இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் ஆலை கிடையாது.

முக்கியமான கேள்வி: "குவாலிட்டி" என்றால் எது? இன்கமிங் இன்ஸ்பெக்ஷனா, இன்-பிராசஸா, டெஸ்ட் பே-யா? இன்கமிங் என்றால் செம்புக் கம்பியின் எனாமல் தடிமனையும் தகட்டின் பிசிறையும் இரண்டு வருடம் அளந்துகொண்டிருப்பீர்கள். டெஸ்ட் பே என்றால் இந்தத் துறையிலேயே மிக நல்ல பள்ளிக்கூடம் அது. ஆஃபர் கடிதத்தில் அந்த ஒரு சொல் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

---

ரிலே87

டெஸ்ட் பே பற்றி மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ரேஷியோ, வெக்டர் குரூப், வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், டான் டெல்டா, நோ-லோடு லாஸ், லோடு லாஸ், 1.2/50 மைக்ரோசெகண்ட் இம்பல்ஸ், பி.டி. (காப்புக்குள் நடக்கும் பகுதி மின்னிறக்கம்) அளவீட்டுடன் கூடிய இண்டியூஸ்டு வோல்டேஜ், கடைசியில் ஹீட் ரன் (எவ்வளவு சூடேறுகிறது என்று பார்க்கும் டெஸ்ட்). இந்த வரிசையைத் தனியாக நின்று நடத்தத் தெரிந்தவருக்கு வேலை தேடும் பிரச்சினை குறைவு. யூட்டிலிட்டி, கன்சல்டன்ட், மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்ஷன் ஏஜென்சி, வளைகுடா என்று எல்லாக் கதவும் திறக்கும்.

இரவு வேலை ஏன் தவிர்க்க முடியாதது என்றால், ஹீட் ரன்னில் மேல் எண்ணெயின் வெப்ப உயர்வு மணிக்கு 1 டிகிரிக்குக் கீழே வந்து, அங்கேயே மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். பெரிய யூனிட்டுக்கு அது முடிய அரை நாளுக்கு மேல் ஆகிவிடும். நடுவில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பி.டி. டெஸ்டையும் இரவில் வைக்கிறார்கள். பகலில் ஓடும் கிரேனும் வெல்டிங் மெஷினும் கொடுக்கும் மின் இரைச்சல் அளவீட்டில் கலந்துவிடும். ஷீல்டு செய்த அறை இருக்கும் ஆலையில் இந்தக் கஷ்டம் குறைவு. இன்டர்வியூவுக்குப் போனால் இதைக் கேளுங்கள். கம்பெனி டெஸ்டிங்கில் எவ்வளவு பணம் போட்டிருக்கிறது என்பது ஒரே பதிலில் தெரிந்துவிடும்.

---

சம்பளச்சீட்டு

சி.டி.சி.யை சி.டி.சி.யோடு ஒப்பிடாதீர்கள். 4.2 லட்சத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். மாதிரிக் கணக்குதான், உங்கள் அனெக்ஷரில் (ஆஃபரோடு வரும் சம்பள விவரப் பட்டியல்) உள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள்.

பேசிக் மாதம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 8,658. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 6,000. கேன்டீனும் பஸ்ஸும் 18,000. "பெர்ஃபார்மன்ஸ் பே" 30,000. மொத்தம் 84,258 போனால் மீதி 3,35,742. மாதத்துக்கு 27,978. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி சராசரி 208. கையில் வருவது சுமார் 25,970.

அதாவது 4.2 லட்சம் என்ற ஆஃபரும் கையில் 24,000 என்ற கோவை ஆஃபரும் மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசத்தில்தான் நிற்கின்றன. கோவையில் 24,000 என்பது பி.எஃப். பிடித்த பிறகா, பிடிக்காமலா என்று முதலில் கேளுங்கள். பி.எஃப். இல்லாமல் 24,000 என்றால் அது உண்மையில் 20,400 தரும் வேலை: உங்கள் 1,800, அவர்கள் கட்ட வேண்டிய 1,800, இரண்டும் உங்களுக்கு இல்லை.

பெர்ஃபார்மன்ஸ் பே என்ற 30,000 எப்போது வரும், யாருக்கு எத்தனை சதவீதம் வரும் என்றும் கேளுங்கள். "போன வருடம் இந்தப் பிரிவில் சராசரி எவ்வளவு கொடுத்தீர்கள்" என்ற கேள்விக்கு எச்.ஆர். நேராகப் பதில் சொன்னால் அந்த எண்ணை நம்பலாம். மழுப்பினால் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. அலவன்சுகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். மேலே போட்ட மாதிரியில் பேசிக் பாதிக்கும் கீழே இருக்கிறது; கிராஜுவிட்டி கணக்கு அதற்கேற்ப உயரும். பழைய வடிவத்திலேயே அனெக்ஷர் அனுப்பும் கம்பெனியிடம் இதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

---

மின்காந்தம்_97

நன்றி. இந்தக் கோணத்தில் பார்க்கவே இல்லை. இரண்டாவது ஆஃபரில் கையில் 34,000 வரும் என்கிறார்கள். பணத்தைப் பார்த்தால் அதுதான் மேலே நிற்கிறது. 11 மாத ஒப்பந்தம் அவ்வளவு மோசமா?

---

சம்பளச்சீட்டு

11 என்ற எண் தற்செயலாக வந்தது இல்லை. புதிய தொகுப்பின்படி குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்ட ஊழியருக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. 11 மாதத்தில் முடிந்தால் அது வராது. தமிழ்நாட்டில் 1981ஆம் வருட நிரந்தர அந்தஸ்துச் சட்டமும் இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளிக்கு நிரந்தரம் என்று அது சொல்கிறது. "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருகிறீர்களா என்பதைப் பதவிப் பெயர் மட்டும் தீர்மானிக்காது, செய்யும் வேலைதான் தீர்மானிக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் நடுவில் இடைவெளி விட்டு, ஏஜென்சியை மாற்றி எடுப்பார்கள்.

கையில் 34,000 என்பதை முழு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே ஒரு மாதம் சம்பளமில்லாமல் போனால், 34,000 × 11 = 3,74,000. பன்னிரண்டால் வகுத்தால் 31,167. இன்னமும் முதல் ஆஃபரைவிட அதிகம்தான். ஆனால் அனுபவச் சான்று எந்தப் பெயரில் வரும்? ஏஜென்சியின் பெயரில். பி.எஃப். பாஸ்புக்கிலும் ஏஜென்சிதான் இருக்கும். அடுத்த கம்பெனி பின்னணி சரிபார்க்கும்போது, ரெஸ்யூமேயில் பன்னாட்டுக் கம்பெனி என்றும் யு.ஏ.என்.இல் (பி.எஃப். கணக்கு எண்) ஏஜென்சி என்றும் இருந்தால் கேள்வி வரும். ரெஸ்யூமேயிலேயே "இன்னார் பேரோலில், இன்ன ஆலையில்" என்று நேர்மையாக எழுதிவிடுங்கள், பிரச்சினை இருக்காது.

---

லைன்_பேலன்சர்

எம்.சி.பி. லைனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதைக் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம், ஏனென்றால் "அங்கே கற்க ஒன்றுமில்லை" என்று பலர் எழுதுவது சரியில்லை.

எம்.சி.பி.க்குள் சூடேறினால் வளையும் பைமெட்டல், சோலனாய்டு காயில், ஆர்க் ஷூட், கான்டாக்ட், லாட்ச் என்று முப்பது நாற்பது பாகம். ஒரு ஸ்டேஷனுக்குக் கிடைப்பது சில விநாடிதான். அந்த வேகத்தில் பைமெட்டலின் ஸ்க்ரூவைத் திருகி அளவீடு செய்கிறார்கள். தரம் சொல்வது இது: குறித்த மின்னோட்டத்தைப்போல் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகக் கூடாது, 1.45 மடங்கானால் ஒரு மணி நேரத்துக்குள் டிரிப் ஆகியே தீர வேண்டும். லைனில் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாது. அதனால் பலமடங்கு மின்னோட்டம் கொடுத்து, சில விநாடிக்குள் டிரிப் ஆகும் நேரத்தை வைத்து நீண்ட நேர நடத்தையைக் கணிக்கிறார்கள். இந்தத் தொடர்பு சரியா இல்லையா என்பதுதான் பிராசஸ் இன்ஜினியரின் தலைவலி.

எங்கே கெடும்? பைமெட்டல் ரோலின் லாட் மாறினால் வளைவு மாறும். கோடைக்கால மதியத்தில் ஷாப் ஃப்ளோர் சூடேறினால், காலையில் செட் செய்ததும் மதியம் செட் செய்ததும் ஒன்றாக இருக்காது. பைமெட்டலையும் பின்னல் கம்பியையும் சேர்க்கும் ஸ்பாட் வெல்டின் எலெக்ட்ரோடு தேய்ந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடி, எம்.சி.பி. சீக்கிரமே டிரிப் ஆகும். மோல்டிங்கில் பிசிறு இருந்தால் லாட்ச் மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் எஸ்.பி.சி. (உற்பத்தியில் வரும் மாறுபாட்டைக் காட்டும்) சார்ட்டில் பார்த்து மூலக்காரணத்தைப் பிடிக்கக் கற்றவர் மின்சாதனத் துறையோடு நிற்க வேண்டியதில்லை. வாகன உதிரி பாகம், எலெக்ட்ரானிக்ஸ், மெடிக்கல் டிவைஸ், எங்கேயும் போகலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஏஜென்சி பேரோலில் இருப்பவருக்கு அந்த வேலையைக் கொடுப்பார்களா? பெரும்பாலும் லைன் சூப்பர்வைசர் வேலைதான் கிடைக்கும்: ஆள் கணக்கு, மணிக்கு மணி அவுட்புட் போர்டு, ரிஜெக்ஷன் எண்ணிக்கை. பிராசஸ் மாற்றத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் நிரந்தர ஊழியரிடம் இருக்கும். அதனால் "கன்ட்ரோல் பிளானை (எதை எப்படிச் சோதிப்பது என்ற திட்டம்) திருத்தும் குழுவில் நான் இருப்பேனா" என்று கேளுங்கள். இல்லை என்றால், பணத்துக்காக ஒரு வருடம் இருக்கலாம், அதற்குமேல் வேண்டாம்.

---

கோவை_வைண்டிங்

கோயம்புத்தூர் ஆஃபரைச் சும்மா தள்ளிராதீங்க. இங்க மோட்டார் கம்பெனியில சேர்ந்தா ஒரே வருசத்துல ஸ்டாம்பிங்ல இருந்து டெஸ்ட் பெட் வரைக்கும் பார்த்துரலாம். பெரிய ஆலையில அதுக்கு அஞ்சு வருசம் ஆகும்ங்க.

சப்மெர்சிபிள் மோட்டார்ல வேலையே தனி. தண்ணி நிரப்பின மோட்டார்னா சாதா எனாமல் கம்பி ஆகாது. பாலி உறை போட்ட வைண்டிங் கம்பிதான். ஸ்லாட்டுக்குள்ள இழுக்கும்போது லேமினேஷன் ஓரம் பட்டு உறையில கீறல் விழுந்தா, வெளிய ஒண்ணும் தெரியாது. மெகர்ல (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) அடிச்சாலும் காஞ்ச நிலையில நல்லாத்தான் காட்டும். தண்ணிக்குள்ள போட்டு வச்சு, அப்புறம் இன்சுலேஷன் பார்த்தாத்தான் மாட்டும். அந்த ஊற வைக்கிற டெஸ்ட்டை அவசரத்துக்கு நேரம் குறைக்கிற இடமா, குறைக்காத இடமான்னு பாருங்க. அதே மாதிரி கேபிள் ஜாயிண்ட்: ஃபீல்டுல திரும்பி வர்ற மோட்டார்ல நிறைய அந்த டேப் சுத்துன இடத்துல தண்ணி ஏறித்தான் வருது. வாரண்டி ரிட்டர்னைப் பிரிச்சுப் பார்த்துக் காரணம் எழுதி வைக்கிற ரிஜிஸ்டர் ஒண்ணு இருக்கான்னு கேளுங்க. அது இருந்தா அங்க கத்துக்கலாம். அப்படியே ரீவைண்ட் பண்ணி அனுப்பிடறாங்கன்னா சேராதீங்க.

சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கான ஐ.எஸ். 8034, அதோட மோட்டாருக்கான ஐ.எஸ். 9283 ரெண்டையும் வாங்கிப் படிச்சுட்டுப் போங்க. இன்டர்வியூவுல அதுலதான் கேட்பாங்க.

குறையும் சொல்லிடறேன். சீசன் தொழில். கோடைக்கு முன்னால இருந்து மழை வர்ற வரைக்கும் ஓவர்டைம் ஓயாது, மழை நல்லாப் பெஞ்சா ஷிஃப்ட் குறையும். சம்பள உயர்வுக்கு ஒரு முறைன்னு இருக்காது, முதலாளி பார்த்துக் கொடுக்கறதுதான். டிசைன் கால்குலேஷன் ஷீட் பெரும்பாலும் ஒருத்தர் கையிலதான் இருக்கும், அவர்கிட்ட உட்கார இடம் கிடைக்குமான்னு சேரும் முன்னாடியே பேசிக்கங்க. கிடைச்சா அதுக்கு மேல வேற வேண்டாம்.

---

பஸ்பார்_அம்பத்தூர்

கேட்கப்படவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: பேனல் கட்டும் கம்பெனிகளையும் பட்டியலில் சேருங்கள். அம்பத்தூரிலும் கோவையிலும் நிறைய. சம்பளம் குறைவு. ஆனால் எஸ்.எல்.டி. (ஒற்றைக் கோட்டு மின் வரைபடம்) படிப்பது, பேனலுக்கான ஐ.இ.சி. 61439 தரத்தைப் பார்ப்பது, பஸ்பார் அளவு கணக்கிடுவது, ஃபாக்டரி டெஸ்டுக்கு வரும் கஸ்டமரைச் சமாளிப்பது, சைட்டில் கமிஷனிங் என்று எல்லாமே ஒருவர் தலையில் விழும். வயரிங் டீம் பெரும்பாலும் பீஸ் ரேட்டில் ஓடுவதால் லக் கிரிம்பிங்கில் (வயர் முனையில் இணைப்பியை நசுக்கிப் பொருத்துவது) அவசரம் வரும். தவறான டை வைத்து நசுக்கிய லக் ஆறு மாதத்தில் கருகும். அதைக் கண்ணால் பார்த்தே பிடிக்கும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது.

---

ரிலே87

பெயர்ப்பலகை பற்றி. இந்தத் துறையில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதை வைத்து நிலைத்தன்மையை அளக்க முடியாது.

பல்லாவரம் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் எலெக்ட்ரிக் என்று அறியப்பட்ட இடம் அரேவா, அல்ஸ்டாம், ஜி.இ. என்று கைமாறி, இன்று ஜி.இ. வெர்னோவா டி அண்ட் டி இந்தியா. படப்பையிலும் ஓசூரிலும் இருக்கும் ஆலைகளும் அந்தக் குடும்பம்தான். எல் அண்ட் டி-யின் எலெக்ட்ரிக்கல் பிரிவை ஷ்னைடர் 14,000 கோடி ரூபாய்க்கு வாங்கிய ஒப்பந்தம் 2018இல் அறிவிக்கப்பட்டு 2020 ஆகஸ்டில்தான் முடிந்தது. இப்போது அது லாரிட்ஸ் க்னுட்சென் என்ற பிராண்ட். ஏ.பி.பி.யின் பவர் கிரிட் பிரிவு 2020இல் ஹிட்டாச்சி கைக்குப் போய், 2021இல் ஹிட்டாச்சி எனர்ஜி ஆனது. சி.ஜி. பவரில் 2019இல் கணக்கு முறைகேடுகள் வெளிவந்தன; 2020 நவம்பரில் முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அதை எடுத்தது. சீமென்ஸிலிருந்து பிரிந்த சீமென்ஸ் எனர்ஜி இந்தியா 2025 ஜூனில் பங்குச்சந்தையில் தனியாகப் பட்டியலானது.

கைமாறும்போது ஊழியருக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. கிரேடு புதிய கம்பெனியின் கிரேடோடு பொருத்தப்படும். பழைய சேவைக்காலம் கிராஜுவிட்டிக்குத் தொடருகிறதா என்பது மாற்றக் கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு கம்பெனிகள் சேர்ந்தால் ஒரே வேலைக்கு இரண்டு ஆள் இருக்கும் பிரிவுகள் சுருங்கும்: எச்.ஆர்., ஃபைனான்ஸ், பர்ச்சேஸ், மார்க்கெட்டிங். டெஸ்ட் பே, டிசைன், சர்வீஸ் ஆகியவற்றை அவ்வளவு எளிதாகத் தொட மாட்டார்கள்.

பெல் (பி.எச்.இ.எல்.) பற்றியும் ஒரு திருத்தம், பலர் குழம்புகிறார்கள். திருச்சி பெல் பாய்லர் ஆலை, ராணிப்பேட்டை பாய்லர் துணைக்கருவிகள். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்றால் போபாலும் ஜான்சியும். எலெக்ட்ரிக்கல் என்ற பெயரில் தேர்வாகி வந்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் திருச்சியில் தேடக் கூடாது.

---

புள்ளிவிவரம்_பார்

பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் கேள்வி கேட்கவே தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது, ஏனோ யாரும் பயன்படுத்துவதில்லை. சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022–23 முதல் ஆண்டறிக்கையோடு பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். ஆண்டறிக்கை பி.டி.எஃப்.ஐத் திறந்து "டர்ன்ஓவர் ரேட்" என்று தேடுங்கள். கம்பெனியின் விற்பனை இல்லை, ஊழியர் விட்டுப்போகும் விகிதம். மூன்று வருடத்துக்கு, ஆண் பெண் தனித்தனியாக, நிரந்தர ஊழியர் தொழிலாளர் தனித்தனியாக இருக்கும்.

அதே பகுதியில் நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரமல்லாதவர் எத்தனை என்ற அட்டவணை இருக்கும். நிரந்தரமல்லாதவர் எண்ணிக்கை நிரந்தரத்தைவிடப் பல மடங்கு என்றால், லைன் சூப்பர்வைசராகப் போகிறவரின் நாள் முழுக்கப் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே போகும். அந்த அறிக்கையில் மூன்றாம் கோட்பாட்டின் கீழ் சங்க உறுப்பினர் விகிதமும் விபத்து எண்ணிக்கையும் வரும். ஐந்தாம் கோட்பாட்டின் கீழ் சராசரி இல்லை, இடைநிலைச் சம்பளம் (மீடியன், வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம்) வரும். சராசரியை இயக்குநர் சம்பளம் தூக்கிவிடும், இடைநிலையை அவ்வளவு சுலபமாகத் தூக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை: விபத்து பூஜ்யம் என்று போட்டிருந்தால் உடனே மகிழாதீர்கள். பிரஸ் ஷாப்பும் கிரேனும் இருக்கும் ஆலையில், ஒப்பந்தத் தொழிலாளர் வரிசையிலும் தொடர்ந்து பூஜ்யம் என்றால், சிறிய காயங்கள் எழுதப்படுகின்றனவா என்று யோசிக்க வேண்டும்.

பட்டியலிடப்படாத கம்பெனி என்றால் இ.பி.எஃப்.ஓ. தளத்தில் நிறுவனத் தேடல் இருக்கிறது. பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கான பி.எஃப். எந்தத் தேதியில் கட்டப்பட்டது, எத்தனை பேருக்கு என்று வரும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியது தொடர்ந்து இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போயிருந்தால் பண ஓட்டம் இறுக்கம் என்று பொருள். சம்பளம் தாமதமாவதற்கு முன் அது அங்கே தெரியும். மின்வாரிய டெண்டரை மட்டுமே நம்பி ஓடும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனிகளுக்கு இதைக் கட்டாயம் பாருங்கள். சரக்கு போய் பணம் வரும் வரைக்கும் செம்புக்கும் சி.ஆர்.ஜி.ஓ.வுக்கும் கையிலிருந்து போட வேண்டிய தொழில் அது.

---

கவிதா_ஜி.ஐ.எஸ்.

பெண்களுக்கான கேள்வியையும் இங்கேயே போடுகிறேன். டெஸ்ட் பே, ஜி.ஐ.எஸ். (வாயுக் காப்பு சுவிட்ச்கியர்) அசெம்பிளி இரண்டிலும் பெண் இன்ஜினியர்களை எடுக்கிறார்கள். ஜி.ஐ.எஸ். அசெம்பிளி தூசு கட்டுப்படுத்திய அறையில் நடப்பது. ஒரு உலோகத் துகள் எஸ்.எஃப்.6 வாயுவுக்குள் போனாலும் பி.டி.யில் காட்டிவிடும், அனுமதிக்கும் அளவு 5 பைக்கோகூலம்தான். நிதானமும் சுத்தமும் வேண்டிய வேலை. இரவு ஷிஃப்டுக்கு உங்கள் சம்மதம் வேண்டும், வண்டி வசதி வேண்டும். வண்டி வீட்டு வாசல் வரையா, மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுமா என்று கேளுங்கள். இரவில் டெஸ்ட் பே-க்குப் பக்கத்தில் பெண்கள் கழிவறை திறந்திருக்குமா, ஆபீஸ் பிளாக்கோடு பூட்டிவிடுவார்களா என்றும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் வந்தால் மற்றதும் ஒழுங்காகவே இருக்கும்.

---

லைன்_பேலன்சர்

ரிலே87 சொன்ன டிசைன், டெஸ்டிங் பாதுகாப்பு பற்றி ஒரு மாற்றுக் கருத்து. பன்னாட்டுக் கம்பெனிகளில் டிசைன் வேலையின் மையம் வெளிநாட்டிலிருந்து இங்கே வருவதும் உண்டு, இங்கிருந்து போவதும் உண்டு. இங்கே உள்ள டிசைன் ஆபீஸ் முழு மின்காந்த டிசைனைச் செய்கிறதா, வெளியிலிருந்து வரும் டிசைனுக்கு டிராயிங் மட்டும் போடுகிறதா என்பதில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம். இந்திய முதலாளிகளின் நடுத்தர டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனிகளில் முழு டிசைனும் இங்கேயே நடப்பதால், கற்பதற்கு அவை பல நேரம் மேல்.

---

ரிலே87

ஒத்துக்கொள்கிறேன். "இம்பீடன்ஸ் கணக்கை யார் போடுகிறார்கள்" என்று ஒரு கேள்வி போதும், பதில் தெரிந்துவிடும்.

---

மின்காந்தம்_97

முதல் கம்பெனியிடம் கேட்டேன். டெஸ்ட் பே-தான், ஆனால் "தேவைப்பட்டால் வேறு பிரிவுக்கு மாற்றலாம்" என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. பாண்டுக்கு அசல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள். பதவி "சீனியர் இன்ஜினியர்", ஓ.டி. கிடையாது. ஆலையைப் பார்க்க நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

---

சம்பளச்சீட்டு

அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். அசலைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள், சான்றொப்பமிட்ட நகல் கொடுங்கள். பாண்டைப் பொறுத்தவரை "சட்டப்படி செல்லாது" என்று இணையத்தில் எழுதுவதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறித்த காலத்துக்கு முன் விலகியவர் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கியின் ஆள்சேர்ப்புச் செலவை வைத்துச் சொல்லப்பட்ட தீர்ப்பு, ஆனாலும் கையெழுத்துக்கு எடை உண்டு என்று வைத்துக்கொண்டே போடுங்கள். தொகை மாதத்துக்கு மாதம் குறையும்படி எழுதச் சொல்லுங்கள்: 24 மாத பாண்டில் 18 மாதம் முடித்தவர் 25,000 மட்டும் கட்டினால் போதும் என்பதுபோல. பல கம்பெனிகள் இதற்கு ஒத்துக்கொள்ளும்.

ஓ.டி. இல்லை என்றால் அதற்கு ஈடான விடுப்பு (காம்ப் ஆஃப்) உண்டா, எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். டெஸ்ட் பே-யில் இரவு தங்கினால் மறுநாள் காலை எட்டு மணிக்கே பஞ்ச் அடிக்க வேண்டுமா என்பது சம்பளத்தைவிட முக்கியம்.

---

ஆயில்_டேங்க்

ஆலைக்குள் போனதும் முதலில் டெஸ்ட் பே-யின் வேலிக் கதவைப் பாருங்கள். கதவைத் திறந்தால் சப்ளை டிரிப் ஆகும் இன்டர்லாக் இருக்கிறதா, அந்த சுவிட்சைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்களா? எர்த் ராடு கதவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறதா, அதன் செம்புப் பின்னல் முழுசாக இருக்கிறதா? இம்பல்ஸ் ஜெனரேட்டருக்குக் கீழே வேறு சாமான் அடுக்கி வைத்திருந்தால் அந்த பே மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று புரிந்துவிடும்.

வைண்டிங் ஷாப்பில் இரட்டைக் கதவு இருக்கிறதா, வாசலில் காலணி மாற்றுகிறார்களா? பிரஸ்போர்டு பாகங்கள் மூடி வைக்கப்பட்டிருக்கின்றனவா, வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கின்றனவா? ஆட்டோகிளேவுக்கும் டேங்கிங் இடத்துக்கும் நடுவில் எத்தனை அடி தூரம், நடுவே கிரேனுக்குக் காத்திருக்க வேண்டுமா? டெஸ்டில் ஃபெயிலாகித் திரும்பிய யூனிட் ஏதாவது தரையில் நிற்கும். நிற்காத ஆலை கிடையாது. அதற்கு என்ன காரணம் கண்டுபிடித்தீர்கள் என்று கூட்டிப் போகிறவரிடம் கேளுங்கள். காயில் எண், டிஸ்க் எண் வரைக்கும் சொல்கிறார் என்றால் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

மாற்றல் வரியை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக "முதல் 24 மாதம் டெஸ்ட் பே-யில் பணி, அதற்குள் கம்பெனி வேறு பிரிவுக்கு மாற்றினால் பாண்ட் தொகை பொருந்தாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொண்டால் முதல் ஆஃபரை எடுங்கள். மறுத்தால், டிசைன் ஷீட் வைத்திருப்பவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்குமா என்று கோயம்புத்தூருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள்.